100 பேர் சேர்ந்தா எத்தனை பேர் டிகிரி வாங்குறாங்க? எந்தப் படிப்புக்கு என்ன சம்பளம்? புதுக்கோட்டையை வைத்து ஒரு விளக்கம்

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு புதுக்கோட்டை, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றி காலேஜ் ஃபிளெக்ஸ் போர்டுகள் வந்துவிடும். '100 சதவீத வேலைவாய்ப்பு', 'அதிகபட்ச பேக்கேஜ் இத்தனை லட்சம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டில் கேட்கும் கேள்விகள் வேறு: கட்-ஆஃப் வருமா, ஃபீஸ் எவ்வளவு, ஊருக்கு பஸ் இருக்கா? மூன்றுமே நியாயமான கேள்விதான்.

ஆனா பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்விகள் ரெண்டு இருக்கு. இந்த கோர்ஸில் சேர்ந்த 100 பேரில், குறித்த காலத்தில் டிகிரி வாங்கி வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்? வந்தவர்களில் நடுவில் நிற்கும் ஒருவர், அதாவது முதலிடமும் கடைசியும் இல்லாத ஒருவர், என்ன சம்பளம் வாங்குகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் மூன்று அல்லது நாலு வருஷத்தையும் சில லட்சங்களையும் ஒரு குடும்பம் பந்தயம் கட்டுகிறது. பதிலின் ஒரு பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. எங்கே, எப்படி என்று பார்ப்போம்.

மாவட்டத்தில் கல்லூரிக்குப் பஞ்சமா?

இல்லை. சமஸ்தானக் காலத்திலேயே கல்லூரி கண்ட ஊர் புதுக்கோட்டை. 1857-ல் பள்ளியாகத் தொடங்கிய மாமன்னர் கல்லூரி 1880-ல் கல்லூரியானது. முத்துலட்சுமி ரெட்டி ஒரே பெண் மாணவியாக உட்கார்ந்து படித்ததும் அங்கேதான். ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அவர் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

இன்று மகளிருக்குத் தனி அரசு கலைக் கல்லூரி, அறந்தாங்கி பக்கம் அரசு கல்லூரி, குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி, 2017-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, இவை போக தனியார் கலை, இன்ஜினியரிங், பாலிடெக்னிக் கல்லூரிகள் என்று மாவட்டத்தில் இடம் நிறைய. கலை, அறிவியல் கல்லூரிகள் 1982-ல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடும், இன்ஜினியரிங் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை.

மாநில அளவிலும் இதே நிலைதான். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள் இந்தியாவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். 2035-க்குள் நாடு 50 சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது புதிய கல்விக் கொள்கையின் இலக்கு. தமிழ்நாடு ஏறக்குறைய அங்கே வந்தாச்சு.

ஆனா இந்த 47 என்பது உள்ளே போனவர்களின் கணக்கு. வெளியே வந்தவர்களின் கணக்கு இல்லை.

'பாஸ் பர்சன்டேஜ்' வேறு, 'முடித்தவர் விகிதம்' வேறு

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். ஒரு கல்லூரி 'எங்கள் தேர்ச்சி 90 சதவீதம்' என்று சொன்னால் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. ஆனா எதில் 90 என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கடைசி ஆண்டுத் தேர்வை எழுதியவர்களில் 90 சதவீதம். முதல் வருஷம் சேர்ந்து இரண்டாவது செமஸ்டரிலேயே நின்றுபோனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

ஒரு உதாரணம். பி.எஸ்சி. கணிதத்தில் 50 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்தில் 10 பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 40 பேர் கடைசித் தேர்வு எழுதி 36 பேர் பாஸ். பாஸ் பர்சன்டேஜ் 90. ஆனா சேர்ந்த 50 பேரில் டிகிரி வாங்கியது 36 பேர், அதாவது 72 சதவீதம். அந்த 36 பேரிலும் பழைய அரியர் பாக்கி இருப்பவர்களைக் கழித்தால் எண் இன்னும் கீழே போகும். ஒரே வகுப்பு, ஒரே மாணவர்கள், மூன்று விதமான எண்.

கல்லூரிகள் தரமதிப்பீட்டுக்காக 'நாக்' அமைப்புக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் அறிக்கையில் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தேர்ச்சி விவரம் இருக்கும். அதிலும் கடைசி ஆண்டுத் தேர்வு எழுதியவர்களே அடிப்படை. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடும் கல்லூரி வாரியான தேர்ச்சிப் பட்டியலும் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான். இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரத்தில் அந்தப் பட்டியல் உதவாமல் இல்லை. பத்து, இருபது சதவீதத்தில் கிடக்கும் கல்லூரிகளைத் தவிர்க்க அது போதும். அதற்கு மேல் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

அரியர் என்ற பொறி

தமிழ்நாட்டில் டிகிரி முடிப்பது பற்றிப் பேசும்போது அரியரை விட்டுவிட முடியாது. நம்ம கல்லூரிகளில் பொதுவாக ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். இது மாணவருக்குச் செய்யும் நல்லதுதான், ஒரு பேப்பருக்காக ஒரு வருஷம் வீணாவதில்லை. ஆனா அதனாலேயே 'கோர்ஸ் முடிச்சாச்சு, அரியர் மட்டும் இருக்கு' என்ற ஒரு நிலை உருவாகிறது. கல்யாணப் பத்திரிகையில் பி.இ. என்று போடலாம், வேலைக்கான விண்ணப்பத்தில் போட முடியாது.

இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை 2020 காட்டிக்கொடுத்தது. கொரோனா காலத்தில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படுவார்கள் என்று அன்றைய அரசு ஆகஸ்ட் மாதம் அறிவித்தது. இறுதி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு இல்லை. ஊர் ஊராக முதல்வருக்கு நன்றி போஸ்டர் ஒட்டினார்கள். மீம்ஸுக்கும் குறைவில்லை. ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி. இரண்டும் இதை ஏற்கவில்லை. வழக்கு போனது. தேர்வே நடத்தாமல் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. போஸ்டர் ஒட்டியவர்கள் திரும்பவும் புத்தகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் நின்றுபோகிறார்கள்?

மாணவர்கள் சேரும்போது கணக்கெடுப்பதுபோல நிற்கும்போது யாரும் காரணம் எழுதி வாங்குவதில்லை. ஆனா புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்தில் காரணங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிபவை. முதல் காரணம், தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் கணிதமும் இயற்பியலும் கேட்பது. அடுத்தது தூரம். மணமேல்குடி, ஆவுடையார்கோயில் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து போக ஒரு நாளில் கணிசமான நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கு, 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனா பாஸ் இருந்தாலும் காலை வண்டியை விட்டால் முதல் பீரியட் போச்சு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதை உலகமே எழுதியது. எழுத்தறிவுக்குக் கூட முதலில் போக்குவரத்து வேண்டியிருந்த ஊர் இது.

அப்புறம் பணம். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஆனா படிக்கும் மூன்று வருஷமும் அந்தப் பையன் வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு வராமல் போகும் கூலிதான் உண்மையான செலவு. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2024 ஏப்ரல்-ஜூனில் நாட்டில் தினக்கூலியின் சராசரி 433 ரூபாய். மாதம் 25 நாள் வேலை என்றால் 10,800 ரூபாய்க்கு மேல். 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பகுதியில் தென்னையைச் சாய்த்தபோது இந்தக் கணக்கு பல வீடுகளில் நேரடியாக வந்து நின்றது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். ஒரு டிகிரியே மூணு வருஷம்தான்.

பெண்களுக்கு இதோடு கல்யாணமும் சேரும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் குறிவைப்பது இதைத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். முன்பு தாலிக்குத் தங்கமும் திருமண உதவியும் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம்தான் இப்படி உயர்கல்விக்கு மாற்றப்பட்டது. மாணவர்களுக்கு இதே தொகை தமிழ்ப்புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்ட் முதல் கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் போடுவதால், எந்த மாணவர் படிப்பில் தொடர்கிறார், எந்த மாதம் நின்றார் என்பது அரசின் கணினியில் தானாகவே பதிவாகிறது. பாடப்பிரிவு வாரியாக, கல்லூரி வாரியாக முடித்தவர் விகிதத்தை வெளியிட இதைவிட நல்ல வசதி இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் எளிதில் அமையாது. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை வெளியிட்டால் அடுத்த ஜூனில் சேரப்போகும் பிள்ளைக்குப் பெரிய உதவி.

டிகிரி முடித்தால் வேலை நிச்சயமா?

நாட்டின் பொது நிலவரம் கொஞ்சம் முகத்தில் அறையும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். 'அப்போ படிச்சது தப்பா?' என்று கேட்கத் தோன்றும். தப்பில்லை. படிக்க முடியாதவருக்கு வேலையில்லாமல் இருக்க வசதி கிடையாது, கிடைத்ததைச் செய்கிறார். பட்டதாரி தன் படிப்புக்கேற்ற வேலைக்குக் காத்திருக்கிறார்.

இந்தக் காத்திருப்பு வயதோடு குறைகிறது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வறிக்கையில் 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42.3 சதவீதம், 35 வயதைத் தாண்டியவர்களிடையே 5 சதவீதத்துக்கும் கீழே. அதாவது கடைசியில் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. படித்த படிப்புக்கான வேலையா, ஆசைப்பட்ட சம்பளமா என்பது தனிக் கேள்வி. அந்த இடைப்பட்ட ஐந்து, பத்து வருஷத்தைக் குடும்பம் தாங்குமா என்பதைத்தான் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

எந்தப் படிப்புக்கு என்ன சம்பளம்?

பாடப்பிரிவு வாரியாகப் பட்டதாரிகளின் சம்பளத்தைச் சொல்லும் அரசுப் பட்டியல் இந்தியாவில் கிடையாது. ஆனா நுழைவுச் சம்பளம் வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்தே ஓரளவு படம் போடலாம்.

முதலில் அரசு வேலை. தமிழ்நாடு அரசில் இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. அரசு மருத்துவருக்கும் துணை ஆட்சியருக்கும் 56,100. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதற்கு மேல்.

பட்டியலில் முதலில் இருக்கும் குரூப் 4 வேலைக்கு டிகிரியே தேவையில்லை, 10-ம் வகுப்பு போதும். ஆனா 2022 ஜூலையில் 7,301 இடங்களுக்கு நடந்த குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். அதில் பட்டதாரிகளும் இன்ஜினியர்களும் ஏராளம். ஒரு இடத்துக்கு 300 பேர் என்ற கணக்கில் போட்டி. இதை நம்பி மட்டும் ஒரு டிகிரியைத் தேர்ந்தெடுப்பது சரியா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனா ஒரு சாதகம் உண்டு: ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கு. தமிழ் மீடியத்தில் பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவருக்கு இது சாதாரண விஷயமில்லை. குரூப் 2 மாதிரி தேர்வுகளில் தேவையான தமிழ் வழிக் கல்வி பட்டப்படிப்பு வரை தொடர்ந்திருக்க வேண்டும், ஆகவே டிகிரியில் மீடியம் மாற்றும் முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

ஆசிரியர் வேலையை மனதில் வைத்து கலை, அறிவியல் படிப்பவர்கள் புதுக்கோட்டையில் நிறைய. இங்கே பாடத்தின் பெயரே பாதையை மாற்றும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் படித்தவர்கள் இளங்கலை முடித்ததும் பி.எட். சேர்ந்து, தகுதித் தேர்வு எழுதி, பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போகலாம். பி.காம்., பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்களுக்கு அந்த வாசல் இல்லை. முதுகலை முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும், போவதும் மேல்நிலை வகுப்பு ஆசிரியர் பணிக்குத்தான். மூன்று வருஷம் முடித்துவிட்டு இதைத் தெரிந்துகொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சேரும் முன்பே கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை.

அதே கலை, அறிவியல் பாதையில் இன்னும் மேலே போனால் ஒரு விநோதம். அரசு கலைக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். அதே கல்லூரியில், அதே பாடத்தை, அதே கல்வித் தகுதியோடு நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 2024 நிலவரப்படி மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். சில ஆண்டுகளுக்கு முன் அது 20,000. முனைவர் பட்டம் வாங்கியவர் 25,000-ல் நிற்பதைப் பார்த்துவிட்டு, பி.எச்டி. முடித்தால் 57,700 என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது. ஒரு படிப்பின் உச்சச் சம்பளம் அந்தப் படிப்பின் சம்பளம் கிடையாது.

அடுத்தது ஐடி. பெரிய ஐடி நிறுவனங்களில் புதிதாகச் சேரும் சாதாரண இன்ஜினியரின் ஆண்டுச் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே சுற்றுகிறது. விலைவாசி நிற்கவில்லை, அந்த எண் மட்டும் நின்றுவிட்டது. பி.எஸ்சி., பி.சி.ஏ. மாதிரி மூன்றாண்டு படிப்புக்கு இன்னும் குறைவு. 2024-ல் காக்னிசன்ட் நிறுவனம் இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது சமூக வலைதளங்களில் கேலி பறந்தது. மாதக் கணக்கில் 21,000 ரூபாய், பிடித்தம் போக இன்னும் குறையும். சென்னையில் ரூம் வாடகை, மெஸ் போக எவ்வளவு மிஞ்சும் என்று அங்கே இருக்கும் எந்த அண்ணனைக் கேட்டாலும் சொல்வார். ஆனா அது ஆரம்பம் என்பதும் உண்மை. ஐடியில் மூன்று, நான்கு வருஷ அனுபவத்துக்குப் பிறகு கம்பெனி மாறும்போது சம்பளம் ஏறும். மற்ற பல துறைகளில் அந்த ஏற்றம் மெதுவாகவே வரும்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு உள்ளூரிலேயே விராலிமலை, மாத்தூர் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே டிப்ளமோ படித்தவரும் பி.இ. படித்தவரும் ஒரே வரிசையில் நிற்பதும், பல சமயம் டிப்ளமோகாரரையே நிறுவனம் விரும்புவதும் சகஜம். மருத்துவம் வேறு உலகம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியில் 150 இடம். சேர்வது கடினம், ஆனா சேர்ந்தவர் முடிப்பதும் முடித்தவர் சம்பாதிப்பதும் ஏறக்குறைய உறுதி. நர்சிங்கில் உள்நாட்டுத் தொடக்கச் சம்பளம் குறைவு, அரசுப் பணியிலும் முதலில் தொகுப்பூதியம்தான். வெளிநாடு போகிறவருக்கு அது பல மடங்காகிறது.

வெளிநாடு என்றதும் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கம் சிங்கப்பூர் நினைவுக்கு வரும். அங்கே டிகிரியின் மதிப்பு எந்த பாஸில் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கட்டட வேலைக்கான வொர்க் பெர்மிட்டில் பி.இ. சர்டிஃபிகேட்டுக்குத் தனிச் சம்பளம் இல்லை, கைத்திறன் தேர்வுதான் பேசும். எஸ் பாஸ் என்றால் 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 3,300 சிங்கப்பூர் டாலர், வயது கூடினால் அதுவும் கூடும். பி.இ. முடித்தவர் ஏஜென்டுக்குப் பணம் கட்டி வொர்க் பெர்மிட்டில் போகும்போது, அந்த நாலு வருஷப் படிப்பு சம்பளக் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது.

கல்லூரியின் உண்மை நிலவரத்தை எங்கே பார்ப்பது?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 முதல் ஆண்டுதோறும் வருகிறது. ரேங்க் எத்தனை என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். விஷயம் இருப்பது அதற்குப் பின்னால், கல்லூரி சமர்ப்பித்த விவரத் தாளில். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் அந்தத் தாளைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். ரேங்க் வாங்காத கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, கல்லூரியின் பெயரோடு என்.ஐ.ஆர்.எஃப். என்று போனில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

அதில் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு என்ற அட்டவணையைத் திறக்கவும். முதலாண்டில் சேர்ந்தவர்கள், நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று வரிசையாக எண்கள் இருக்கும். இடைநிலை என்றால் வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது. பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழே. ஒரே ஒரு மாணவருக்கு 20 லட்சம் கிடைத்தால் சராசரி எகிறும், இடைநிலை அசையாது. அதனால்தான் இது நம்பகமானது.

கணக்குப் புரிய இன்னொரு உதாரணம். ஒரு கல்லூரியில் சேர்ந்தவர்கள் 100. குறித்த காலத்தில் முடித்தவர்கள் 70. வேலை கிடைத்தவர்கள் 30. மேற்படிப்பு 15. இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,80,000. இதன் அர்த்தம்: சேர்ந்த 100 பேரில் 30 பேருக்கு கேம்பஸில் வேலை, அந்த 30-ல் பாதி, அதாவது சுமார் 15 பேர் மட்டுமே மாதம் 15,000-க்கு மேல் வாங்குகிறார்கள். இதே கல்லூரி 'பிளேஸ்மென்ட் 85 சதவீதத்துக்கு மேல்' என்று போர்டு வைக்கவும் முடியும். எப்படி? பிளேஸ்மென்டுக்குப் பதிவு செய்தவர்கள் 35 பேர் என்று வைத்து, அதில் 30 பேருக்கு வேலை என்று சொன்னால் போதும்.

குறையும் உண்டு. இந்தத் தாளில் மூன்றாண்டுப் படிப்பு எல்லாம் ஒரே மூட்டையாக இருக்கும். தமிழ் இலக்கியமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் தனித்தனியாகத் தெரியாது. எண்களைக் கொடுப்பதும் கல்லூரியேதான். அதனால் தாளைப் பார்த்துவிட்டுத் துறைக்கு நேரில் போய், 'போன வருஷம் இந்த டிபார்ட்மென்டில் முடித்தவர்கள் எத்தனை பேர், இப்போ என்ன செய்றாங்க' என்று கேட்பது நல்லது. நல்ல துறைத்தலைவருக்கு இது விரல் நுனியில் இருக்கும்.

கடன் வாங்கிப் படித்தால்?

கல்விக் கடன் 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். அந்த 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 5,300 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். மாதம் 28,000 வாங்கும் இன்ஜினியருக்கு இது தாங்கும். 15,000 வாங்குபவருக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டிகிரி முடிக்காதவருக்கு? தவணை அதேதான். மிக விலை உயர்ந்த படிப்பு எது என்று கேட்டால், பாதியில் நின்ற படிப்புதான்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் மாணவர் பதிவையும் வருமான வரிப் பதிவையும் அரசே இணைத்து, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் படித்தவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று வெளியிடுகிறது. அந்த விவரங்களை வைத்து நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று 2020-ல் போட்ட கணக்கில், மருத்துவமும் பொருளாதாரமும் மேலே, படைப்புக் கலைகள் கீழே. ஐந்தில் ஒரு பட்டதாரி, பணக்கணக்கில் மட்டும் பார்த்தால், பல்கலைக்கழகம் போகாமலே இருந்திருக்கலாம் என்றும் அது சொன்னது. அமெரிக்காவில் 2015 முதல் இதற்கென்றே அரசு இணையதளம் இருக்கு. அங்கே நாலு வருஷப் படிப்பை ஆறு வருஷத்துக்குள் முடித்தவர்களின் விகிதத்தை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட்டாக வேண்டும். பி.எஃப். பதிவும் மாணவர் பதிவும் கையில் இருக்கும் இந்தியாவில் இதைச் செய்ய முடியாத தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

ஏற்கனவே அரியரோடு நிற்பவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், இன்னும் எத்தனை வருஷம் அவகாசம் இருக்கு என்று பாருங்கள். படிப்புக்காலம் போக கூடுதலாக இரண்டு ஆண்டு என்பது யு.ஜி.சி. வழிகாட்டுதல். ஆனா பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும், சேர்ந்த வருஷத்தின் விதிமுறையே பொருந்தும். அவகாசம் முடிந்தவர்களுக்கும் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிப்பதுண்டு. அது பெரும்பாலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் அறிவிப்பாக இணையதளத்தில் மட்டும் வரும், வீட்டுக்குக் கடிதம் வராது. பழைய சிலபஸுக்கு இணையான பேப்பர் எது என்பதைக் கட்டணம் கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 மாதிரி டிகிரி கேட்கும் தேர்வுகளில், அறிவிக்கை வெளியான தேதிக்குள் பட்டத்துக்கான தகுதி பெற்றிருக்க வேண்டும். அதற்கு மறுநாள் கடைசி அரியர் ரிசல்ட் வந்தாலும் அந்த வருஷம் கணக்கில் வராது. அடுத்த அறிவிக்கை வரும் வரை, கையில் இருப்பது பிளஸ் 2 மார்க் ஷீட்தான்.